ஒரு சொட்டு போதும், ஆனா அது எங்க போய் நிக்குதுன்னு பாருங்க

பர்மா புத்தாண்டு தண்ணித் திருவிழாவான திஞ்ஜான்ல தண்ணி ஊத்தி விளையாடி முடிச்சதும் நம்ம ரங்கூன்ல நிறைய பேருக்கு கண்ணு செவந்துரும், இல்ல காது அடைச்சுக்கும், உடனே மருந்துக்கடைல "ட்ராப்ஸ் குடுங்க"ன்னு கேட்டு வாங்கி ஊத்திக்கறாங்க. எந்த ட்ராப்ஸ், எதுக்குன்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு ஊத்துங்க.

பாக்டீரியாவ கொல்ற ஆன்டிபயாடிக் மருந்தான சிப்ரோஃப்ளாக்சசின் 0.3 சதவீதம்னா ஒரு மில்லி லிட்டர்ல 3 மில்லிகிராம் மருந்து இருக்கு. மாத்திரையா முழுங்கினா ரத்தத்துல சேர்ற அளவை விட இது கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. அதனால மருந்து பத்தாதோன்னு கவலை வேணாம், கிருமி இருக்கற எடத்துல எவ்ளோ நேரம் நிக்குதுங்கறதுதான் விஷயம்.

கண்ணுல அது நிக்கறதுதான் கஷ்டம். இமைக்குள்ள சுமாரா 30 மைக்ரோலிட்டர்தான் கொள்ளும், ஒரு சொட்டே 30லேர்ந்து 50 வரைக்கும் வரும். ரெண்டாவது சொட்டு விட்டா கன்னத்துல பூசின தனக்கா மரப்பட்டை சாந்தோட சேர்ந்து வழிஞ்சிரும். உள்ள தங்கினதும் மூக்கோரத்துல இருக்கற சின்ன துவாரம் வழியா தொண்டைக்கு எறங்கும், மருந்து விட்டதும் தொண்டை கசக்கறது அதனாலதான். கீழ் இமைய லேசா இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ண மெதுவா மூடி, மூக்கு பக்கத்து ஓரத்த விரலால ரெண்டு நிமிஷம் அமுக்கிக்குங்க. இன்னொரு மருந்தும் இருந்தா அஞ்சு நிமிஷம் கழிச்சு விடுங்க. பாட்டில் நுனி இமைல பட்டா கிருமி உள்ள போயிரும், அதனால வீட்ல எல்லாருக்கும் ஒரே பாட்டில் கூடவே கூடாது. தொறந்து 28 நாளானா பெரும்பாலான கண் ட்ராப்ஸ தூக்கிப் போட்டுரணும், மிச்சம் இருந்தாலும்.

காதுக்கு ஒருக்களிச்சு படுக்கணும். பெரியவங்களுக்கு காத மேலயும் பின்னாலயும் இழுங்க, மூணு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கு கீழயும் பின்னாலயும், அப்பதான் வளைஞ்ச குழாய் நேராகும். மருந்து ஜில்லுனு இருந்தா உள்காதுல இருக்கற திரவம் அசைஞ்சு தலை சுத்தும், அதனால பாட்டில கொஞ்ச நேரம் உள்ளங்கைல வச்சு சூடாக்கிக்குங்க. விட்டதும் காது முன்னாடி இருக்கற சின்ன மடல நாலஞ்சு தடவ அமுக்கி விட்டு, அஞ்சு நிமிஷம் அப்படியே படுத்திருங்க.

எனக்கு ரொம்ப பயம் இதுலதான்: காதுல சீழ் வடிஞ்சா செவிப்பறைல ஓட்டை விழுந்திருக்கலாம். அப்ப ஜென்டாமைசின், நியோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்து உள்காதுக்குள்ள போனா கேக்கறதுக்கு உதவற மயிர் செல்கள அழிச்சிரும், அது மனுஷனுக்கு திரும்ப மொளைக்காது. டாக்டர் டார்ச் வச்சு பாத்தப்புறம்தான் எந்த மருந்துன்னு முடிவு பண்ணணும். காது ட்ராப்ஸ கண்ணுல விடவே கூடாது, அது கண்ணுக்கு ஏத்த மாதிரி செஞ்சது இல்ல, சிலதுல அமிலமும் இருக்கும், பயங்கரமா எரியும்.

மழைக்காலத்துல காது சும்மா அரிச்சிட்டே இருந்தா பெரும்பாலும் பூஞ்சைதான், ஆன்டிபயாடிக் விட்டா பூஞ்சைக்கு எதிரியா இருந்த பாக்டீரியா செத்து அது இன்னும் பரவும். வைரஸால வர்ற கண் செவப்புக்கும் ஆன்டிபயாடிக் உதவாது. ஸ்டீராய்டு கலந்த ட்ராப்ஸ் விட்டா செவப்பு சீக்கிரம் போன மாதிரி தெரியும், ஆனா ஹெர்பெஸ் வைரஸா இருந்தா கருவிழி புண்ணாகி பார்வையே கெடும்.

கண்ணுல கடுமையா வலிச்சா, பார்வை மங்கினா, காது திடீர்னு கேக்காம போனா அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருங்க.