தரைத்தளம் திறந்து கிடக்கும் கட்டடங்கள் நிலநடுக்கத்தில் ஏன் முதலில் விழுகின்றன?

2001 ஜனவரி 26 காலை குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலம் அதிர்ந்தது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் சரிந்தன. விழுந்தவற்றில் பலவற்றுக்கு ஒரே அமைப்பு: தரைத்தளம் முழுக்க கார் நிறுத்தும் இடம், மேலே நான்கு மாடி அல்லது பத்து மாடி. சபர்மதிக் கரையின் வண்டல் மண் அதிர்வைப் பெருக்கியது உண்மைதான். ஆனால் அந்த நகரத்தில் பெரும்பாலான கட்டடங்கள் நின்றன. மண்ணை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது.

நிலநடுக்கம் கட்டடத்தை வெளியிலிருந்து தள்ளுவதில்லை. பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்வதைப் போல, அடித்தளம் நகர, மேலே உள்ள எடை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அந்த இழுபறிதான் விசை. எடை கூடினால் விசையும் கூடும். எல்லா மாடிகளின் விசையும் சேர்ந்து கடைசியில் தரைத்தளத் தூண்களுக்கு வந்து சேர்கிறது.

மேல்மாடிகளில் தூண்களுக்கு இடையே செங்கல் சுவர்கள் அடைத்து நிற்கும். கணக்குப் போடும்போது அவற்றை வெறும் எடையாக மட்டும் எடுத்துக்கொண்டாலும், உண்மையில் அவை மாடிகளை விறைப்பாக்குகின்றன. கீழே சுவரே இல்லை. உச்சி 50 மில்லிமீட்டர் நகர வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஐந்து தளங்களும் ஒரே விறைப்போடு இருந்தால் தளத்துக்குச் சுமார் 10 மில்லிமீட்டர்தான். கீழ்த்தளம் மட்டும் தளர்ந்திருந்தால், மேலே உள்ளதெல்லாம் ஒரே கட்டியாக நகரும். 50 மில்லிமீட்டரில் ஏறக்குறைய முழுவதையும் அந்த ஒரு தளத்தின் தூண்களே வளைந்து தாங்க வேண்டும். இந்த ஆபத்துக்காகத்தான் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2002 பதிப்பு, இப்படிப்பட்ட தளத்தின் தூண்களையும் பீம்களையும் கணக்கில் வரும் விசையைப் போல இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது.

வலுவாகக் கட்டினால் போதும் என்பது அரைகுறைப் புரிதல். பெரிய நிலநடுக்கத்தில் விரிசலே விடாத கட்டடத்தை விதிகள் கேட்பதில்லை. விழாத கட்டடத்தைத்தான் கேட்கின்றன. நன்றாகக் கம்பி கட்டிய கான்கிரீட் சட்டகத்தை, வளையாமல் தாங்குவதற்குத் தேவையான விசையில் ஐந்தில் ஒரு பங்குக்கே வடிவமைக்க அனுமதி உண்டு. மீதியைக் கம்பி இழுபட்டு, வளைந்து, செரித்துக்கொள்ள வேண்டும். அந்த வளைவு பீமின் முனைகளில் நடக்க வேண்டும், தூணில் நடக்கக் கூடாது. பீம் வளைந்தால் ஒரு தளம் பழுதாகும். தூண் நொறுங்கினால் மேலே உள்ள அத்தனையும் கீழே வரும். எனவே ஒரு சந்திப்பில் சேரும் தூண்களின் வளைவு வலிமை, பீம்களின் வலிமையைப் போல 1.4 மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது, கான்கிரீட் கட்டடங்களில் கம்பி கட்டும் முறைக்கான தரநிலையான ஐ.எஸ். 13920. பாதுகாப்புக்கென்று நினைத்து பீமில் கூடுதல் கம்பி போடுவது இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

தூணின் உயிர் ரிங்கில், அதாவது நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கான்கிரீட் பிதுங்காமலும் நெடுங்கம்பிகள் வெளியே வளையாமலும் கட்டிப் பிடிப்பது அதுதான். 300 × 450 மில்லிமீட்டர் தூணில் 16 மில்லிமீட்டர் கம்பி என்றால், மேல்முனையிலும் கீழ்முனையிலும் குறைந்தது 450 மில்லிமீட்டர் உயரத்துக்கு, 75 மில்லிமீட்டருக்கு ஒரு ரிங் வர வேண்டும். தூண் முழுக்க 150 அல்லது 200 இடைவெளியில் ஒரே சீராகக் கட்டுவதே பல இடங்களில் பழக்கம். ரிங்கின் கொக்கியையும் 90 டிகிரியில் மடக்கிவிடுகிறார்கள். அதிர்வில் மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி திறந்துகொள்ளும். ரிங் இருந்தும் இல்லாததுதான். 135 டிகிரி மடக்கி, வால் குறைந்தது 65 மில்லிமீட்டர் நீளத்தில் தூணின் உள்பக்கக் கான்கிரீட்டில் புதைந்திருக்க வேண்டும். பீமும் தூணும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கடியைக் காரணம் காட்டி ரிங்கையே விட்டுவிடுவதும், நெடுங்கம்பிகளின் ஒட்டுகளை (ஒரு கம்பியோடு அடுத்ததைச் சேர்த்துக் கட்டும் இடங்களை) ஸ்லாப்புக்குச் சற்று மேலேயே போடுவதும் அதே அளவு ஆபத்தான தவறுகள். ஒட்டு தூணின் நடுப்பாதி உயரத்துக்குள் வர வேண்டும். இவை எதற்கும் பெரிய செலவில்லை. கான்கிரீட் போடுவதற்கு முன்பு ஒரு பொறியாளர் டேப்போடு நின்று பார்த்தால் போதும்.

நாட்டை நிலநடுக்க ஆபத்துப்படி மண்டலங்களாகப் பிரிக்கும் வரைபடத்தை 2002-இல் திருத்தியபோது, சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. அந்த வரைபடத்தில் அகமதாபாத்தும் மூன்றாம் மண்டலம்தான். கீழே கார், மேலே வீடு என்ற அமைப்பு சென்னைத் தெருக்களிலும் நிறைய உண்டு. ஏற்கெனவே கட்டியதைப் பலப்படுத்த வழி இருக்கிறது. தரைத்தளத்தில் இரு திசைகளிலும், அடித்தளத்திலிருந்து எழும்பும் கான்கிரீட் சுவர்களைச் சேர்க்கலாம். அவற்றை ஒரே பக்கமாகக் குவித்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். மையத்தைச் சுற்றிச் சமமாக அமைக்க வேண்டும். தூண்களுக்கு வெளியே கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடுவதென்றால், புதுக் கம்பிகள் ஸ்லாப்பைத் துளைத்து மேல்மாடித் தூண்வரை போக வேண்டும்.

தூண்களுக்கு இடையே பாதி உயரத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பி நிறுத்திவிடுவதை மட்டும் செய்யவே கூடாது. சுவர் பிடித்துக்கொண்ட தூணின் வளையக்கூடிய உயரம் பாதியாகிறது; உயரம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. பக்கத்துத் தூண்கள் வாங்க வேண்டிய விசையையும் அதுவே இழுத்துக்கொண்டு, சுவருக்கு மேலே தெரியும் பகுதியில் குறுக்காகப் பிளந்து உடையும்.