இளைத்தது பேட்டரி, பழி மோட்டாருக்கு

போன வாரம் இன்னொருவர். இரண்டரை வருஷம் ஓட்டிய எலெக்ட்ரிக் மலை சைக்கிளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புது மாடல் எடுத்திருக்கிறார். "மோட்டார் வீக் ஆயிருச்சுண்ணே, சிறுமலை ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது" என்பது காரணம். இப்போது புது வண்டியும் அதே கொண்டை ஊசி வளைவுகளில் முக்குகிறது என்று என்னிடம் வந்து நிற்கிறார்.

அவர் விற்ற பழைய வண்டியும் என் பட்டறைக்குத்தான் வந்தது, வாங்கியவர் கொண்டுவந்தார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது. டிஸ்க் லேசாக நெளிந்து பிரேக் பேடில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. டயரில் பாதிக் காற்றுகூட இல்லை. டிஸ்க்கில் நெளிவெடுத்து, காலிப்பரை (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கவ்வி) நடுவில் நிறுத்தி, காற்றடித்துக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை.

மோட்டாருக்கு வயதாகிச் சக்தி குறைகிறது என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. உள்ளே இருப்பது செப்புச் சுருளும் காந்தமும். அளவுக்கு மீறிச் சூடாக்காதவரை அவை அப்படியே இருக்கும். ஹப் மோட்டாருக்குள், அதாவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் மோட்டாருக்குள், உள்ள நைலான் பல்சக்கரம் தேய்ந்தால் கரகரவென்று சத்தம் வரும், மாற்றிக்கொள்ளலாம். தேய்கிறது என்று பார்த்தால் பேட்டரிதான். 36 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்டும். பழசானாலும் அதே 42தான் காட்டும், ஏமாறுவது இங்கேதான். மேட்டில் முழு அசிஸ்ட் (மோட்டார் உதவி) போட்டு மிதித்துக்கொண்டே டிஸ்பிளேயைப் பாருங்கள். வோல்ட் சடாரென்று இறங்கி, மேடு முடிந்ததும் பழையபடி ஏறினால் செல்கள் களைத்துவிட்டன என்று அர்த்தம். மாடு இளைத்தாலும் கொம்பு இளைக்காது. மாற்ற வேண்டியது பேட்டரியை, வண்டியை அல்ல.

சரி, புது வண்டி ஏன் ஏறவில்லை? அதுவும் 250 வாட் ஹப் மோட்டார்தானே! பதிவு எண்ணும் லைசென்ஸும் இல்லாமல் ஓட்ட நம் சட்டம் விடுவது 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர், அவ்வளவுதான். மாடலின் வருஷம் மாறினால் இந்த வரம்பு மாறாது. 100 கிலோ எடையை (நீங்களும் வண்டியும் சேர்த்துத்தான்) 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, வீணாவதைச் சேர்க்காமலே 27 வாட் அவர் தேவை. 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பதே 360 வாட் அவர். மலை கேட்கிற கணக்கு இது, கம்பெனி மாறினால் குறையாது.

மலையில் உண்மையான வித்தியாசம் மோட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான். ஹப் மோட்டாரின் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு எந்த கியரிலும் 40தான். செங்குத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது கரண்டில் பெரும்பங்கு சூடாகப் போகிறது. பெடல் அச்சில் இருக்கும் மிட் டிரைவ் அப்படியில்லை. அதன் 85 நியூட்டன் மீட்டர் முன்னால் 32 பல், பின்னால் 50 பல் வழியாகப் போகும்போது சக்கரத்தில் 130ஐத் தாண்டும். 2024இல் ட்ரோன் கம்பெனி டிஜேஐ கொண்டுவந்த அவினாக்ஸ் மோட்டார் பெடல் அச்சிலேயே 105 தருகிறது. மாதத்தில் பாதி நாள் மலையில் கிடப்பவர், கல்லும் வேருமாக இருக்கும் பாதையில் ஏறுபவர் என்றால் தாராளமாக மாறுங்கள். பழைய வண்டி உங்கள் உயரத்துக்குப் பொருந்தவில்லை, ஃபிரேமில் விரிசல், கன்ட்ரோலர் (மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் பெட்டி) இனி கிடைக்காது என்றாலும் மாறலாம். ஆனால் மிட் டிரைவ் செயினைச் சாப்பிடும், அதற்கும் பட்ஜெட் வையுங்கள். எரர் கோடு வந்தால் பார்க்கிற மென்பொருள் இந்த ஊரில் யாரிடம் இருக்கிறது என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். ஓட்டிப் பார்க்க மதுரை நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் ஏற்றி இறக்கினால் போதாது. அங்கே எந்த வண்டியும் ஏறும்.

அப்புறம், 25 கிலோமீட்டரில் நிறுத்தும் ஸ்பீடு லாக்கை எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள். எடுத்த நிமிஷமே அது சைக்கிள் இல்லை, பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத மோட்டார் வண்டி. ஒரு மோதல் நடந்தால் தெரியும் சேதி.

பழைய லேப்டாப் செல்களை ஒட்டி மலிவாகப் பேட்டரி கட்டித் தருகிறார்கள் என்று போகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். ஒரு செல் கெட்டால் பக்கத்துச் செல்லையும் சேர்த்து எரிக்கும். மாடிப்படிக்குக் கீழே, வாசலை மறித்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர உங்களுக்கு இருப்பது அந்த ஒரு வழிதான். சித்திரை வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்களா? பாதிச் சார்ஜில் நிழலில் வைத்துவிட்டுப் போங்கள். நிறைத்து வைப்பதும் ஒட்டக் காலியாக விடுவதும் இரண்டுமே கெடுதல்.

பேட்டரிப் புகாரோடு வருகிறவர்கள் சார்ஜரையும் எடுத்துவாருங்கள். பாதிப் பேருக்குக் கெட்டிருப்பது அதுதான், அதை வீட்டில் சுவரிலேயே மாட்டிவிட்டு வருகிறார்கள்.