கடைசி எழுத்து ஒத்துப்போனால் கவிதை ஆகிவிடுமா?

கவிதைப் பயிற்சி வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு பெண் முதல் நாளே ஒரு தாளை நீட்டினார்.

மழை வந்தது
உள்ளம் நனைந்தது
நினைவு பிறந்தது
கண்ணீர் சுரந்தது

"எதுகை மோனையோடு எழுதியிருக்கேன் சார்" என்றார். நான் பார்க்கும் முதல் முயற்சிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். இதில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. இருப்பது இயைபு மட்டும், அதாவது அடிகளின் கடைசி ஓசை ஒத்துவருவது.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அதன் வாலில் விகுதி ஒட்டிக்கொள்ளும். வந்தேன், நின்றேன், சென்றேன் என்று யார் எழுதினாலும் முடிவு ஒத்துத்தான் போகும். இலக்கணம் சும்மா தருகிற ஓசை அது. நம் முன்னோர்கள் அடியின் தலைப்பக்கத்தில் ஓசையைத் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. எதுகைக்கு முதல் எழுத்தின் அளவும் பொருந்த வேண்டும். 'பட்டு'க்குக் 'கட்டு' எதுகை, 'பாட்டு' ஆகாது.

சரி, எல்லோருக்கும் தெரிந்த குறளையே எடுத்துக்கொள்வோம். தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

முதல் அடியில் நான்கு சீர்களும், அதாவது இடைவெளிவிட்டு எழுதிய நான்கு கூறுகளும், 'க'வில் தொடங்குகின்றன. அது மோனை. கற்க, நிற்க என்று அடிகளின் தலையில் 'ற்' ஒத்து வருவது எதுகை. இதுவரை பலருக்கும் தெரியும். இதற்கு அடியில் ஓடுகிற தாளத்தைத்தான் நாம் கவனிப்பதில்லை.

சீரைப் பிரித்தால் வரும் ஓசைத் துண்டு அசை. அது இரண்டு வகை. குறிலோ நெடிலோ தனித்து நின்றால் நேர். இரண்டு குறில் சேர்ந்தாலும், குறிலை அடுத்து நெடில் வந்தாலும் நிரை. பின்னால் வரும் மெய்யெழுத்தைக் கணக்கில் கொள்ள வேண்டாம். அசைகள் சேரும் விதத்துக்கு வாய்பாடு என்று நினைவுப் பெயர்கள் உண்டு: நேர் நேர் என்றால் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். இப்போது பிரித்துப் பாருங்கள். கற்/க தேமா. கச/டறக் கருவிளம். கற்/பவை, கற்/றபின் இரண்டும் கூவிளம். நிற்/க மறுபடி தேமா. அதற்/குத் புளிமா. கடைசியில் 'தக' என்ற ஒற்றை நிரை, அதன் வாய்பாடு மலர். ஈரசைச் சீருக்கான நான்கு வாய்பாடுகளும் இந்த ஒரே குறளில் இருக்கின்றன. பாடம் நடத்த இதைவிட வசதியான குறள் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மாவில் முடிந்த சீருக்கு அடுத்த சீர் நிரையில் தொடங்குகிறது, விளத்தில் முடிந்ததற்கு அடுத்தது நேரில். 'கற்க' என்று நின்ற ஓசையை 'கச' வந்து ஏந்திக்கொள்கிறது. வெண்டளை என்பது இதுதான். பள்ளியில் வாய்பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இந்தக் குறளைச் சொல்லும்போதுதான் "ஓ, இதற்கா!" என்கிறார்கள். ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா எல்லாவற்றுக்கும் தனித்தனி ஓசை உண்டு. ஆனால் குறள் அமைந்திருக்கும் வெண்பா காதில் ஏறிய பிறகு அவற்றுக்குப் போனால் போதும்.

உவமைக்கு வருவோம். 'நிலவு போன்ற முகம்' என்று எழுதுகிறவர்களிடம், எதில் ஒப்பு என்று கேட்பேன். ஒளியா, வட்டமா, குளிர்ச்சியா? பலருக்கும் பதில் வராது. வினை, பயன், மெய், உரு என்று உவமைக்கு நான்கு அடிப்படைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை. மழை போலக் கொடுக்கும் கை என்றால் பயன். உடுக்கை போன்ற இடை என்றால் வடிவம், அதாவது மெய். பவளம் போன்ற வாய் என்றால் நிறம், அதாவது உரு. 'போல'வை எடுத்துவிட்டு முகத்தையே மலராக்கி 'முகமலர்' என்றால் அது உருவகம்.

புதுக்கவிதைக்கு இந்தக் கட்டுகள் கிடையாது. அதற்காக உரைநடையை மடக்கி மடக்கி எழுதினால் அது கவிதை ஆகிவிடாது. மூன்று வரியில் எழுதியதெல்லாம் ஹைக்கூவும் இல்லை. ஜப்பானிய மரபில் அது 5, 7, 5 என்று 17 ஓசையலகுகளில் அமையும். தமிழில் அந்தக் கணக்கை விட்டுவிட்டோம். ஒரு காட்சிக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துவிட்டுப் பேசாமல் விலகிக்கொள்வதையாவது விடாமல் இருக்கலாம்.

அந்தப் பெண்ணிடம், "நாலு 'து'வையும் எடுத்துட்டா என்ன மிச்சம்? அன்னைக்கு மழையில என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. மறு வாரம் இப்படி எழுதி வந்தார்:

கொடியில் அப்பாவின் சட்டை.
மழை வருகிறது.
எடுக்க யாரும் ஓடவில்லை.

அப்பா இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. கண்ணீரும் இல்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது. அப்புறம் அவரே, "கடைசி வரி கொஞ்சம் நீளமோ சார்?" என்றார். 'யாரும்' வேண்டுமா வேண்டாமா என்று, மேசையில் மெல்லத் தட்டியபடி, வகுப்பு முடியும்வரை சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.