தண்ணீர் வற்றும் நேரமும் பறவையின் அலகும்

தனுஷ்கோடிப் பக்கம் பறவை பார்க்க வருபவர்களை அழைத்துச் செல்லும் உள்ளூர் வழிகாட்டி, மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டால் முதலில் திதியைத்தான் பார்ப்பார். மரக்கிளையில் கூவும் பறவைகளுக்கு விடியற்காலை உகந்த நேரம். ஈரச் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளுக்கோ கடல்நீர் வற்றும் நேரமே சாப்பாட்டு நேரம்.

இக்கரையில் கடல் நாளொன்றுக்குப் பெரும்பாலும் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. இந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் கூடுதலாக ஏறி, கூடுதலாக வற்றும்; அட்டமியை ஒட்டி அந்த வேறுபாடு சுருங்கிவிடும். மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவே என்றாலும், கரையோரம் ஏறக்குறைய சமதளமாகக் கிடப்பதால், நீர் ஒரு சாண் இறங்கினாலே பரந்த சேற்றுப்பரப்பு வெளிப்பட்டுவிடுகிறது. இவ்வளவு சிறிய ஏற்ற இறக்கத்தில் காற்றுக்கும் பங்கு உண்டு: கரையை நோக்கி அடிக்கும் காற்று நீரைத் தள்ளி நிறுத்திவிட்டால், கணக்குப்படி வற்றவேண்டிய இடம் வற்றாது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடலான பாக் விரிகுடா கொந்தளிக்க, தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும்; எந்தப் பக்கம் போவது என்பதும் அதனால்தான் காலையில் காற்றைப் பார்த்த பிறகு முடிவாகிறது.

சேறு வெளிப்பட்டதும் எல்லாப் பறவைகளும் ஒரே மாதிரி இரை தேடுவதில்லை. பெரிய கண்களும் குட்டை அலகும் கொண்ட உப்புக்கொத்தி பார்வையை நம்பி வாழ்வது: சில அடி ஓடும், சட்டென்று நிற்கும், மேற்பரப்பில் ஏதாவது அசைந்தால் பாய்ந்து கொத்தும். உள்ளான் அப்படி நின்று பார்ப்பதில்லை. தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல அலகை இடைவிடாமல் சேற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டே நடக்கும். அதன் அலகு நுனியின் எலும்பில் நுண்ணிய குழிகள் நிறைந்திருக்கின்றன; அவற்றுக்குள் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் உள்ளன. உள்ளான் இனத்தில் ஒன்றை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகள் 1998-இல் வெளியாயின. ஈர மணலில் அலகைச் செருகும்போது மணல்துகள்களுக்கு இடையிலுள்ள நீர் அழுத்தப்படுகிறது. உள்ளே சிப்பி போன்ற கடினமான பொருள் இருந்தால் அந்த அழுத்தம் பரவும் விதம் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு, அலகு படாத சிப்பியையும் பறவை கண்டுகொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நீர் வடிந்து உலர்ந்த மணலில் இந்த உத்தி பலிக்காது. வற்றும் நீரின் விளிம்பை ஒட்டியே உள்ளான்கள் நகர்ந்துகொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான் (ஆந்தையல்ல, இதுவும் ஒரு கரைப்பறவை) நண்டு வளையின் ஆழம்வரை துழாவும். இத்தகைய பறவைகளால் அலகின் அடிப்பகுதியைத் திறக்காமலேயே மேலலகின் நுனியை மட்டும் வளைத்துத் திறக்க முடியும். இல்லையென்றால் ஆழத்தில் இரையைத் தொட்டும் பிடிக்க வழியிருக்காது.

பூநாரை இந்தக் கால அட்டவணைக்கு அவ்வளவாகக் கட்டுப்பட்டதன்று. தனுஷ்கோடியின் ஆழமற்ற உப்பங்கழிகளில் நெடிய கால்களால் நின்று, தலையைக் கவிழ்த்து அலகை நீரில் வைக்கும். தடித்த நாக்கு பம்பு போல முன்னும் பின்னும் இயங்கி ஒரு விநாடிக்குள் பலமுறை நீரை இழுத்துத் தள்ள, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் சிறு இறால்களையும் புழுக்களையும் நிறுத்திக்கொள்ளும். ஒரே இடத்தில் கால் மாற்றி மிதித்துச் சுற்றுவது ஆட்டமல்ல, சேற்றிலுள்ள இரையைக் கிளப்பும் வேலை. இப்பகுதி 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

நீர் மீண்டும் ஏறும்போது சேற்றில் பரவியிருந்த பறவைகள் மிச்சமிருக்கும் மணல்திட்டில் நெருக்கமாகக் கூடுகின்றன. எண்ணவும் இனம் பிரிக்கவும் இதுவே வசதியான நேரம். ஆனால் நண்பகல் என்றால் சூடான மணலிலிருந்து எழும் கானல் தொலைநோக்கியில் எல்லாவற்றையும் கலங்கடித்துவிடும். ஒற்றைக்காலில், அலகை முதுகுச் சிறகில் செருகி நிற்கும் அந்தக் கூட்டம் சோம்பிக் கிடக்கவில்லை. அடுத்த வற்றம் இரவில் வந்தாலும் தொடு உணர்வால் இரை தேடும் உள்ளான் அப்போதும் மேயும். பகலில் கிடைப்பதுதான் அதன் ஓய்வு. மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பும் முன் அது உடலில் கொழுப்பைச் சேர்க்கவேண்டும்; ஒரு படத்துக்காக யாரேனும் கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகும். நல்ல வழிகாட்டி நூறு அடிக்கு முன்பே ஆட்களை நிறுத்துவார். பறவைகள் தலையை உயர்த்திப் பார்க்கத் தொடங்கினால் அதற்கும் பின்னால் தள்ளிக் கூட்டிச் செல்வார்.