சோலார் போடுமுன் ஈபி பில்லை எடுத்து வையுங்கள்

"சார், மூணு கிலோவாட் போட எவ்வளவு ஆகும்?" வீடுகளுக்குச் சோலார் போட்டுத் தரும் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பதிலுக்கு நான் கடைசி ஆறு ஈபி பில்களைக் கேட்பேன். கூரை, வெயில், திசை எல்லாம் அப்புறம்.

முதலில் விலை. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் முறையில் 3 கிலோவாட்டுக்கு இன்று 1.8 லட்சத்திலிருந்து 2.1 லட்சம் ரூபாய் வரை ஆகிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். வேலை முடிந்து, ஈபியிலிருந்து வரும் யூனிட்டையும் நீங்கள் ஈபிக்கு அனுப்பும் யூனிட்டையும் கணக்கிடும் இருவழி மீட்டர் மாட்டிய பிறகுதான் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுப் பணத்தையும் நீங்கள்தான் புரட்ட வேண்டும், அல்லது வங்கிக் கடன் வாங்க வேண்டும். இந்தியாவில் தயாரான செல் உள்ள டிசிஆர் பேனலுக்கு மட்டுமே மானியம் உண்டு. யாராவது மற்றவர்களைவிட ரொம்பக் குறைத்துக் கொட்டேஷன் கொடுத்தால், அதில் டிசிஆர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பில்லுக்கு வருவோம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 700 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக விலை ஏறும். பில்லில் சோலார் யூனிட்கள் கழியும்போது உச்சியில் இருக்கும் விலையுயர்ந்த யூனிட்கள்தான் முதலில் போகும். எல்லாக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. கீழே சொல்வது சில்லறைக் கட்டணங்களைச் சேர்க்காத தோராயக் கணக்கு.

இரண்டு ஏசி ஓடும் வீடு, இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட். பில் ஏறத்தாழ 6,900 ரூபாய். 3 கிலோவாட் போட்டால் ஈபி கணக்கில் 300 யூனிட் மட்டும்தான் வரும், பில் 700 சொச்சம். வருடத்துக்கு 37,000 மிச்சம். மானியம் போகக் கைக்காசு 1.2 லட்சம் என்று வைத்தால், மூன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

அதே 3 கிலோவாட்டை 400 யூனிட் ஓடும் வீட்டில் போட்டுப் பாருங்கள். பில் பூஜ்யமாகிவிடும், பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் அவர்கள் இதுவரை கட்டியதே 1,200 ரூபாய்க்குள்தான். வருடத்துக்கு மிச்சம் 7,000. பணம் திரும்ப 17 வருடம், நடுவில் பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும். உபரி யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும், உண்மைதான். ஆனால் ஈபிக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற நினைப்பில் பெரிதாகப் போடாதீர்கள். இப்படிப்பட்ட வீடுகளுக்கு 75 வாட் ஃபேன்களைக் கழற்றிவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டச் சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்கு வியாபாரம் போச்சு, பரவாயில்லை.

நடுவில் இருப்பவர்கள் 500 யூனிட் எல்லையைக் கவனியுங்கள். 500 யூனிட்டுக்கு 1,800 ரூபாய் வரும் பில், 510 ஆனதும் 2,100ஐத் தாண்டிவிடும். 640 யூனிட் ஓடும் வீட்டுக்கு ஒரே ஒரு கிலோவாட் போட்டாலே 400க்கு இறங்கிவிடும். பில் 3,250லிருந்து 1,200க்கு வந்துவிடும். சின்னச் சிஸ்டம் என்று இளப்பமாக நினைக்க வேண்டாம்.

மாடிக்கு ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர் என்று இரண்டு இணைப்பு உள்ள வீடுகளில் சோலார் ஒரு மீட்டரில்தான் சேரும். எந்த மீட்டரில் பில் அதிகமோ அதில் சேர்க்கச் சொல்லுங்கள். வாடகைக்கு விட்ட மாடியின் மீட்டரில் கோத்துவிட்டு, கீழே வழக்கம்போல் பணம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறேன்.

கூரையில் பார்க்க வேண்டியது நிழல். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி போதும், ஆனால் அந்த இடத்தில் காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்றரை வரை நிழல் விழக் கூடாது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மார்கழியில் எவ்வளவு நீளும் என்பது சித்திரையில் வந்து அளப்பவருக்குத் தெரியாது. ஒரு பேனலின் ஓரத்தில் விழும் நிழல்கூட அதோடு வரிசையாகக் கோத்த மற்ற பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துவிடும். ஸ்டாண்டை உயர்த்தினால் சரியாகும், செலவும் கூடும். ஆடிக் காற்றுக்குத் தாங்கும் இரும்பு வேண்டும் அல்லவா?

கரண்ட் போனால் சோலார் ஓடுமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஆன்கிரிட்டில் ஓடாது. லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். அதனால் பழைய யூபிஎஸ்ஸையும் பேட்டரியையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.