கேரேஜ் தரை ஏன் எப்போதும் காய்ந்தே தெரிகிறது?

“சுவர், கூரை, தரை மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. ஷட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சுவர் எழுப்பி, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, ஒரு ஏசி மாட்டினால் கேரேஜ் படுக்கையறை ஆகிவிடாதா? இதற்கு பட்ஜெட் எப்படிப் போடுவது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஆகிவிடும், அடுத்த மழைக்காலம் வரை.

அந்த மூன்றும் காருக்காகக் கட்டப்பட்டவை. கேரேஜ் தரை பெரும்பாலும் வீட்டுத் தரையைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்ந்திருக்கும். தண்ணீர் வெளியே ஓட வாசல் பக்கம் வாட்டம் (சரிவு) கொடுத்திருப்பார்கள். தரைக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். எனவே பட்ஜெட்டின் முதல் வரியில் எழுத வேண்டியது ஓதம், அதாவது தரையிலும் சுவரிலும் ஊறி ஏறும் ஈரம். டைல்ஸும் பெயிண்டும் அதற்குப் பிறகு.

கான்கிரீட் பார்வைக்குக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே முழுக்கத் துளைகள். சிமெண்ட் இறுகும்போது வேதிவினையில் கட்டிக்கொள்ளும் தண்ணீர் அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்குதான். கலவை சுலபமாகப் பரவ வேண்டுமென்று நாம் ஊற்றுவதோ பாதிப் பங்கு, சில நேரம் அதற்கும் மேல். உபரித் தண்ணீர் நாளடைவில் ஆவியாகிப் போய்விட, அது இருந்த இடங்களில் நுண்புழைகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்கள் மிஞ்சுகின்றன.

நுண்புழை ஏற்றம் பள்ளிப் பாடம்: குழாய் எவ்வளவு மெலிதோ, தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறும். 1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் சுமார் 1.5 செ.மீ. ஏறும். ஆரம் 1 மைக்ரோமீட்டராகச் சுருங்கினால் அதே சூத்திரம் 15 மீட்டர் என்கிறது. 10 செ.மீ. தடிமனுள்ள தரையைத் தாண்டுவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் கேரேஜ் தரையில் ஏன் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை?

இந்த இடம்தான் அழகு. நுண்புழையில் ஏறும் தண்ணீர், குழாயின் வாயைத் தாண்டி ஒருபோதும் வழியாது. ஏற்றிவிடுவது பரப்பு இழுவிசை. அது வேலை செய்ய நீரின் மேற்பரப்பு குழிந்திருக்க வேண்டும். தண்ணீர் வாயை நெருங்கியதும் அந்தக் குழிவு தட்டையாகிக்கொண்டே வரும், இழுக்கும் விசையும் குறைந்துகொண்டே வரும், கடைசியில் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அப்படி நிற்காமல் வழிந்திருந்தால், வழியும் தண்ணீரைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, செலவில்லாமல் என்றென்றும் ஓடும் இயந்திரம் செய்துவிடலாமே! ஆற்றல் அழிவின்மை விதி அதற்கு இடம் கொடுக்காது.

ஆக, மேலே வந்த நீருக்குத் தரையை விட்டு வெளியேற ஒரே வழி ஆவியாதல். புழைகளுக்கு இழுக்கும் வலு அதிகம். ஆனால் அவற்றின் வழியே நீர் ஓடும் வேகம் மிகக் குறைவு. குழாய் மெலிய மெலிய உராய்வு கூடும் என்பதால் இந்த முரண். கீழேயிருந்து சொட்டுச் சொட்டாக வருகிறது. ஷட்டர் இடுக்குகளில் நாள் முழுதும் புகும் காற்றோ வருவதைவிட வேகமாக உலர்த்திவிடுகிறது. ஈரம் ஆவியாகும் இடம் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுவதால், மேலே வெளிர் சாம்பல் நிறத்தில் ‘காய்ந்த’ தரை தெரிகிறது. உள்ளே வரவும் செலவும் நடந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது அதன்மேல் வினைல் ஷீட்டோ லேமினேட் பலகையோ பதியுங்கள். செலவு நின்றுவிட்டது, வரவு நிற்கவில்லை. சில வாரங்களில் ஈரம் விரிப்பின் அடிப்பக்கம் வரை ஏறி நிற்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் நீர் காரத்தன்மை மிக்கது, அதன் பிஎச் 12 முதல் 13. பல பசைகள் அதில் ஊறிக் கூழாகிவிடும். வினைல் கொப்புளம் கட்டும், பலகையின் ஓரங்கள் உப்பும். டைல்ஸ் தாக்குப்பிடிக்கும், ஆனால் தடுக்கப்பட்ட நீர் ஓரத்துக்கு நகர்ந்து சுவரில் ஏறும். போகும் இடமெல்லாம் தன்னில் கரைந்த உப்பையும் கொண்டுபோய், ஆவியாகும் இடத்தில் விட்டுச் செல்லும். உப்புப் படிகங்கள் துளைகளுக்குள் வளர்ந்து நெம்புவதால்தான் பூச்சு பொரிந்து விழுகிறது. அதற்கு வைத்தியம் என்று சுவரின் அடிப்பகுதியில் நீர்புகா பெயிண்ட் அடிப்பவர்கள் உண்டு. ஆவியாகும் பரப்பை அடைத்தால் ஓதம் இன்னும் மேலே ஏறும், அவ்வளவுதான்.

‘மின்காந்த அலையால்’ ஓதத்தை விரட்டுவதாகச் சொல்லிச் சுவரில் மாட்டும் பெட்டிகளும் விற்பனைக்கு இருக்கின்றன. கம்பி கிடையாது, மண்ணோடு தொடர்பு கிடையாது, ஆனாலும் தண்ணீர் பயந்து இறங்கிவிடுமாம். தாயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் பிளக் மட்டுமே. கட்டட இயற்பியலுக்கு ஆராய்ச்சிப் பணம் தாராளமாக ஒதுக்கப்பட்டிருந்தால் இப்படிப்பட்ட சந்தை இவ்வளவு வளர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

சோதனை எளிது. 45 செ.மீ. சதுர பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். ஷீட்டின் அடியில் துளிகள் இருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ, ஈரம் தரையிலிருந்து வருகிறது. மேலே மட்டும் துளிகள் என்றால் காற்றின் ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது. வாசல் பக்கம், நடுப்பகுதி, உள்மூலை என மூன்று இடங்களிலாவது ஒட்டுங்கள். கோடையில் செய்து ‘பாஸ்’ வாங்கிவிடாமல், நல்ல மழைக்குப் பிறகு செய்யுங்கள். இதைவிட நம்பகமான முறை, தரையின் தடிமனில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உணரியை வைத்து மூடி, உள்ளே உள்ள ஒப்பு ஈரப்பதத்தை (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை) அளப்பது. தரைவிரிப்புத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 75 முதல் 85 சதவீதத்துக்குள் ஒரு எல்லை வைத்திருப்பார்கள். வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரம் இருந்தால் இரண்டு வழிகள். தரையை உடைத்தெடுத்து, தூள் கலக்காத ஜல்லி 10 செ.மீ. பரப்பி, மேலே 0.25 மி.மீ. பாலிதீன் விரித்து, புதுக் கான்கிரீட் போடுவது ஒன்று. ஜல்லியின் இடைவெளிகள் அகலமானவை, அவற்றில் தண்ணீர் சில மில்லிமீட்டர்தான் ஏறும். ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்ட மாதிரி. ஷீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று 15 செ.மீ. ஏற வேண்டும், ஒட்டுகளில் டேப் வேண்டும், ஓரங்களைச் சுவரில் மடித்து ஏற்ற வேண்டும். கம்பி கட்டுபவரின் கால்பட்டு ஓட்டை விழுவது சகஜம். கான்கிரீட் ஊற்றும் முன் ஒருவர் ஷீட் முழுவதையும் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது வழி, பழைய தரையை விட்டுவிட்டு அதன்மேல் எபாக்சி பூச்சோ பாலிதீனோ போட்டு, 5 செ.மீ. வெப்பத்தடுப்புப் பலகை, அதன்மேல் பிளைவுட், பிறகு விரிப்பு. செலவு குறைவு, ஆனால் 8 செ.மீ. உயரம் போய்விடும். கூரை 2.4 மீட்டர் என்றால், கூரையின் கீழும் வெப்பத்தடுப்பு வந்தபின் மிஞ்சுவது சுமார் 2.2 மீட்டர். சில ஊர்களின் விதிகள் 2.1 மீட்டருக்குக் கீழே படுக்கையறையை அனுமதிப்பதில்லை, இன்னும் அதிக உயரம் கேட்கும் ஊர்களும் உண்டு.

தரையை மட்டமாக்க வாட்டத்தை நிரப்பும் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் வாசலில் பள்ளம் 6 செ.மீ. சராசரி 3 செ.மீ. என்று வைத்தால் 0.54 கன மீட்டர் கான்கிரீட், எடை 1.3 டன். கன மீட்டருக்கு 300 கிலோ சிமெண்டும் அதில் பாதி எடைத் தண்ணீரும் சேர்த்தால், ஊற்றும் தண்ணீர் 81 லிட்டர். அதில் சிமெண்ட் கட்டிக்கொள்வது 40 லிட்டர். மீதி 40 லிட்டரையும் அறைக் காற்று வெளியேற்ற வேண்டும். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது வழக்கமான உத்தேசம். இந்தக் காத்திருப்பைக் கால அட்டவணையில் எழுதாமல் விட்டு, பத்தாம் நாளே விரிப்புப் போடுவதால் கெட்டுப்போகும் தரைகள் ஏராளம். சரிவாகச் சீவிய மரச்சட்டங்களால் மட்டம் கட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்வதில்லை.

காற்றிலிருந்து வரும் ஈரம் தனிக் கதை. 30 டிகிரி செல்சியஸ், 80 சதவீத ஈரப்பதத்தில் காற்றின் பனிநிலை (அதிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 26 டிகிரி. ஏசியால் 24-க்கு இறங்கிய தரையை அது தொட்டால் தரை வியர்க்கும். குளிர்ப் பகுதியில் இது தலைகீழ்: உள்ளே 20 டிகிரி, 60 சதவீதம் என்றால் பனிநிலை 12, வெப்பத்தடுப்பு இல்லாத சுவரின் மூலை அதற்குக் கீழே போனதும் அங்கே நீர் படியும், பூஞ்சணம் வளரும். எனவே சுவரில் நீராவித் தடுப்பு ஷீட்டை எப்போதும் வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள பக்கத்தில் வைக்க வேண்டும். குளிர் ஊரில் அது உட்புறம், வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் வெளிப்புறம். வேறு ஊர்க் காணொளியைப் பார்த்து அப்படியே செய்தால் சுவருக்குள் தண்ணீர் சிறைப்படும். ஏசியையும் தேவைக்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். அறையைச் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும், ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரமே கிடைக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷட்டர் வாயில் 2.4 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் என்றால், 23 செ.மீ. செங்கல் சுவர் அங்கே இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும். வாசலின் கீழ் பெரும்பாலும் அஸ்திவாரம் கிடையாது, வெறும் தரையின் விளிம்புதான். அது விரிசல் விடும். மேலே உள்ள பாரத்தை லிண்டல் (வாசலுக்கு மேலே குறுக்காகப் போகும் உத்தரம்) ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருப்பதால், இலேசான இரும்புச் சட்டச் சுவரே போதும். அதன் அடிச்சட்டம் வெளித்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. உயரத்தில், ஒரு கான்கிரீட் திண்டின்மேல் உட்கார வேண்டும்.

தீ பிடித்தால் ஆள் தப்பிக்கும் அளவுக்கு ஜன்னல் வேண்டும். திறப்பின் அளவை விதிகள் நாட்டுக்கு நாடு வேறு வேறாகச் சொல்கின்றன, அரை சதுர மீட்டர் திறப்பு பெரும்பாலானவற்றுக்குப் போதும். கம்பி போட்டால் உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும். கேரேஜில் கேஸ் ஹீட்டரோ பாய்லரோ இருந்தால் அதை இடம் மாற்றும் செலவை முதலில் எழுதுங்கள். தூங்கும் அறையில் கார்பன் மோனாக்சைடோடு சமரசம் கிடையாது. ஏசிக்குத் தனி சர்க்யூட் வேண்டும், விளக்குக்காக இழுத்த பழைய ஒயரில் அதைக் கோர்க்கக் கூடாது.

ஒப்பந்ததாரரிடம் மொத்தத் தொகையாகக் கேட்காமல் அளவுகளைக் கொடுத்து இனவாரியாக விலை கேளுங்கள்: தரை 18 சதுர மீட்டர், கூரை 18, சுவர் சுற்றளவு 18 மீட்டரை 2.4 உயரத்தால் பெருக்க 43. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள். எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதமாவது தனியே எடுத்து வையுங்கள். தரையும் வாசல் அடிப்பகுதியும் திறந்து பார்க்கப்படும்வரை அதைத் தொடக் கூடாது. அனுமதிக் கட்டணம், ஓதச் சோதனை, பழைய தரை உடைத்தால் இடிபாடு அகற்றும் கூலி ஆகிய மூன்றும் வழக்கமாக விடுபடுபவை.

பணம் பற்றாவிட்டால் அலமாரி, ஃபால்ஸ் சீலிங் அலங்காரம், விலையுயர்ந்த விரிப்பு ஆகியவற்றைத் தள்ளிப்போடலாம், அவை பின்னால் சேர்க்கக் கூடியவை. பாலிதீன், வெப்பத்தடுப்பு, ஒயரிங் குழாய்கள் ஆகியவற்றைத் தள்ளிப்போட்டால் பிறகு முடித்த வேலையை உடைத்துத்தான் சேர்க்க முடியும். பின்னாளில் குளியலறை வருமென்ற எண்ணம் இருந்தால், தரையை மூடும் முன்பே 110 மி.மீ. கழிவுக் குழாயை உரிய வாட்டத்தோடு பதித்து மூடி போட்டு வைத்துவிடுங்கள்.