ஒரே நூல், ஒரே நிறம், அதில் ஒரு நட்சத்திரம்

போட்டிருக்கும் பனியனின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நன்றாக நெகிழ்ந்து கொடுக்கும், விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். ஒரு பட்டுப்புடவையை நீளவாக்கில் இழுத்தால் அசையாது. பட்டிழையின் இயல்பு அப்படி. 100 பங்கில் சுமார் 2 பங்கு நீளும் வரைதான் அது முழுதாகத் திரும்பும். அதற்கு மேல் இழுத்தால் கொஞ்சம் நீண்டபடியே நின்றுவிடும்.

அப்படியிருக்க, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் செல்வர்கள் காலைக் கவ்விய பட்டுக் காலுறைகளை எப்படிப் போட்டார்கள்? புளோரன்ஸை ஆண்ட முதலாம் கோசிமோ மெதிச்சியின் மனைவி எலியனோரா 1562இல் இறந்தபோது, கையால் பின்னிய சிவப்புப் பட்டுக் காலுறைகளோடுதான் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறையிலிருந்து எடுத்த அந்தக் காலுறைகள் இன்றும் இருக்கின்றன.

எல்லாம் நூல் போகும் பாதையில் இருக்கிறது. தறியில் பாவும் ஊடையும் நேர்கோட்டில் ஓடும். இழுத்தால் அந்த நூலேதான் நீள வேண்டும். பின்னலில் ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகிறது. ஒவ்வொரு கண்ணியும் கீழே உள்ள கண்ணிக்குள் புகுந்து வெளியே வருகிறது. இழுக்கும்போது கண்ணியின் வடிவம்தான் மாறுகிறது, உயரம் குறைந்து அகலம் கூடுகிறது. நூலின் நீளம் அப்படியே இருக்கிறது. விட்டதும், வளைக்கப்பட்ட இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கின்றன. நெகிழாத நூலில் நெகிழும் துணி கிடைப்பது இப்படித்தான்.

காலுறை போலவே மேற்சட்டையையும் பட்டு நூலில் பின்னினார்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில் வசதியானவர்கள் வீட்டில் இருக்கும்போதோ, கெட்டியான வெளிச்சட்டைக்கு உள்ளேயோ இதைப் போட்டுக்கொண்டார்கள். டேனிஷ் மொழியில் இதன் பெயருக்கு ‘இரவுச் சட்டை’ என்றே பொருள். ஆனால் தூங்குவதற்கான உடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சபைக்கும் விழாவுக்கும் போகாத நேரத்து உடை, அவ்வளவுதான். (அதே காலத்தில் ஆங்கிலேய ஆண்கள் வீட்டில் அணிந்த தளர்வான அங்கிக்குப் ‘பன்யன்’ என்று பெயர். இந்திய வணிகர்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நம் பனியனும் அந்தச் சொல்தான்.)

இவற்றில் மிகவும் பேசப்படுவது, லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள வெளிர் நீலப்பச்சைச் சட்டை. 1649 ஜனவரி 30 அன்று மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டபோது அணிந்திருந்தது இதுதான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன் கறைகளைச் சோதித்தும் ரத்தம்தான் என்று உறுதியாகவில்லை. குளிரில் நடுங்கினால் பயம் என்று மக்கள் நினைப்பார்களே என்று அன்று அவர் கூடுதலாக ஒரு சட்டை கேட்டதாக அவருடைய பணியாளர் எழுதிவைத்திருக்கிறார். மெல்லிய பின்னல் குளிரைத் தாங்குமா என்று தோன்றலாம். தாங்கும். கண்ணிகளுக்கு இடையில் அடைபட்ட காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே இன்னொரு உடையும் இருந்தால் அந்தக் காற்று அங்கேயே தங்கும்.

என்னை அதிகம் ஈர்ப்பது இந்தச் சட்டைகளில் உள்ள பூ வேலை. எட்டு இதழ் நட்சத்திரங்கள், கட்டங்கள், கொடிகள் எல்லாம் பலவற்றில் ஒரே நிற நூலில்தான். நம் புடவைக் கடைகளில் ‘செல்ஃப் டிசைன்’ என்கிறோமே, அந்த மாதிரி. சரி, நிறமே மாறாமல் உருவம் எப்படித் தெரிகிறது?

ஒரு கண்ணிக்கு இரண்டு பக்கம் உண்டு. நேர்ப்பக்கத்தில் அதன் இரண்டு கால்களும் ‘வி’ எழுத்துப் போலத் தெரியும், நூல் மேலும் கீழுமாக ஓடும். மறுபக்கத்தில் வளைவு மட்டும் குறுக்காகப் புடைத்து நிற்கும். கண்ணியை முன்னிருந்து பின்னாக இழுப்பதா, பின்னிருந்து முன்னாக இழுப்பதா என்பதை ஊசிதான் முடிவு செய்கிறது. நேர்க் கண்ணிகளின் பரப்பில் சில கண்ணிகளை மட்டும் திருப்பிப் போட்டால் அங்கே நூலின் திசை மாறிவிடும்.

பட்டில் இதற்குப் பெரிய விளைவு உண்டு. கம்பளி இழையின் மேல் செதில்கள் இருப்பதால் ஒளி நாலாபக்கமும் சிதறும். பட்டுக்கூட்டின் இழையை வெந்நீரிலும் சோப்பிலும் இட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் செரிசின் பசையை நீக்கியதும் வழவழப்பான பரப்பு கிடைக்கிறது. அது ஒளியைக் கண்ணாடி போல ஒரு திசையில் திருப்பி அனுப்புகிறது. எனவே பக்கத்து ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழும்போது நட்சத்திரம் மின்னினால் பின்புலம் மங்கும். அணிந்தவர் சற்றுத் திரும்பினால் இரண்டும் இடம் மாறும். மெழுகுவர்த்தி ஆடும் அறையில் அது எப்படி இருந்திருக்கும்! நேர் எதிரே விளக்கு வைத்துப் படம் எடுத்தால் பாதி அழகு காணாமல் போய்விடுகிறது.

அப்புறம், இந்தச் சட்டைகளின் விளிம்பில் அடிக்கடி சின்னச் சின்னச் சதுரங்கள் இருக்கும். அது வெறும் அலங்காரம் என்று நான் நினைக்கவில்லை. நேர்க் கண்ணிகள் மட்டும் உள்ள துணியின் ஓரம் சுருண்டுகொள்ளும், பழைய பனியனை வெட்டினால் நீங்களே பார்க்கலாம். நேரும் மறுபக்கமும் மாறி மாறி வந்தால் இரண்டு சுருளல்களும் எதிரெதிராக இழுத்து ஓரம் தட்டையாக நிற்கும்.

உழைப்பையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டரில் 7 கண்ணி, 10 வரிசை என்று வைத்துக்கொள்வோம். 100 சென்டிமீட்டர் சுற்றளவும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள உடற்பகுதிக்கு மட்டும் 4,20,000 கண்ணிகள். கைகள் தனி.

1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கிவிட்டார். ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதையும் அது ஒரே முறையில் போட்டது. ஆனால் அதன் ஊசிகள் அத்தனையும் ஒரே பக்கம் பார்த்து நின்றன. மறுபக்கக் கண்ணி வேண்டுமென்றால் கையால்தான் திருப்பிப் போட வேண்டும். இங்கிலாந்தின் டெர்பி நகரைச் சேர்ந்த ஜெடதையா ஸ்ட்ரட் இரண்டாவது ஊசி வரிசை ஒன்றைச் சேர்த்துக் காப்புரிமை வாங்கியது 1759இல். அதுவும் நேர் வரிகளாக ஓடும் கோடுகளுக்குத்தான் உதவியது. எட்டு இதழ் நட்சத்திரம் அப்போதும் கைப்பின்னலிடமே இருந்தது.